வீட்டையே பெயர்த்துச் சென்றவர்கள்

குடியிருந்த வீட்டைக் காலி செய்து வேறொரு வீட்டுக்குச் சென்றவர்கள் ஓர் உண்மையை அறிவர். பாத்திரம் பண்டங்களைக் கட்டி வண்டியில் ஏற்றுவது பெரிய வேலையன்று. புது வீட்டில் இறக்கி வைத்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. பழைய வீட்டில் சுவரோடு ஒட்டி நின்ற அலமாரி இங்கே சன்னலை மறைக்கிறது. இருட்டிலும் கை தானாகச் சென்று தொட்ட விளக்கின் விசை இங்கே வேறு பக்கம் இருக்கிறது. அம்மியைப் போட இடமில்லை. பொருள்கள் அனைத்தும் உடையாமல் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றைச் சூழ்ந்திருந்த பழக்கம் மட்டும் வந்து சேரவில்லை.

கணிப்பொறியில் இயங்கும் நிரல்களுக்கும் இதே நிலைதான். நிரல் என்பது ஒரு வேலையைச் செய்து முடிக்க எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுதி. அது வெற்று எந்திரத்தின்மீது நேராக அமர்ந்து வேலை செய்வதில்லை. எந்திரத்துக்கும் நிரலுக்கும் நடுவே இயங்குதளம் என்ற ஒன்று இருக்கிறது. கோப்பைத் திறந்து கொடுப்பது, நினைவகத்தில் இடம் ஒதுக்குவது, விசைப்பலகையில் தட்டியதை வாங்கித் தருவது, ஒரு நிரல் மற்றொரு நிரலை அழைக்க உதவுவது ஆகிய யாவும் அதன் பொறுப்பு. நிரல் குடியிருக்கும் வீடு அதுவே. ஒரு வீட்டில் நலமாக வாழ்ந்த நிரலை வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நேரும் என்ற கேள்வி அரை நூற்றாண்டுக் காலமாக அறிஞர்களின் உறக்கத்தைக் கெடுத்து வந்திருக்கிறது. அந்த வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை இங்கே சொல்ல விழைகிறோம். அலைந்து களைத்த சிலர், நிரலை வீடு மாற்றுவதைவிட வீட்டையே பெயர்த்து எடுத்துச் செல்வது எளிது என்று துணிந்த கதை இது.

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், முர்ரே ஹில் என்ற இடத்திலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவர், பழையதாகிவிட்டிருந்த பி.டி.பி. 7 என்ற சிறு எந்திரத்தில் ஓர் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதுவே பின்னர் யுனிக்ஸ் என்று பெயர் பெற்றது. சில ஆண்டுகளில் அது பி.டி.பி. 11 என்ற புதிய எந்திரத்துக்கு இடம் மாறியது. 1973-இல் ரிட்சி வகுத்த சி என்னும் மொழியில் அதன் பெரும்பகுதி திருப்பி எழுதப்பட்டது. அதுவரை இயங்குதளம் என்றால் அந்தந்த எந்திரத்தின் தாய்மொழியிலேயே எழுதப்பட வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் கொண்டிருந்த கொள்கை. எந்திர மொழியில் எழுதியது அந்த எந்திரத்தோடு பிறந்து அதனோடு மடியும். சி மொழியில் எழுதியதற்கோ அந்தக் கட்டாயம் இல்லை. மொழியைப் பெயர்க்கும் கம்பைலர் ஒன்று வேறு எந்திரத்துக்கும் கிடைக்குமானால், எழுதியவை அங்கேயும் உயிர் பெறலாம்.

இந்த நம்பிக்கையோடுதான் பெல் ஆய்வுக்கூடத்தார் தம் நிரல்களை வெளியே அனுப்பிப் பார்த்தனர். 1970-களின் முற்பகுதியிலேயே ஹனிவெல் நிறுவனத்தின் பெரிய எந்திரத்துக்கும், ஐ.பி.எம். 370 எந்திரத்துக்கும் சி மொழிக் கம்பைலர்கள் தோன்றிவிட்டன. மொழி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இனி நிரல்களும் தடையின்றிப் போய்ச் சேர வேண்டியதுதானே? அப்படித்தான் எவரும் எண்ணுவர். நடந்தது வேறு.

யுனிக்ஸ் வீட்டில் கோப்பு என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. எவ்வளவு நீளம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எழுத எழுத வளரும். ஐ.பி.எம். வீட்டின் சம்பிரதாயமே தனி. அங்கே ஒரு கோப்பை உண்டாக்கும் முன்பே அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், ஒவ்வொரு பதிவும் எத்தனை எழுத்து நீளம் என்பதையெல்லாம் தனியொரு கட்டளை மொழியில் எழுதி விண்ணப்பித்தாக வேண்டும். யுனிக்ஸில் ஒரு நிரல் மற்றொரு நிரலைச் சர்வசாதாரணமாகப் பெற்றெடுத்து வேலை வாங்கும். ஒன்றின் வெளியீட்டைக் குழாய்வழி நீர்போல் மற்றொன்றுக்குப் பாய்ச்சும். அயல் வீடுகளில் இந்த வசதியை எதிர்பார்க்க இயலவில்லை. ஆகவே முர்ரே ஹில்லில் பத்து வரியில் முடிந்த காரியத்துக்கு அங்கே புதிய ஏற்பாடுகள் செய்ய நேர்ந்தது.

எழுத்துகளின் எண்களும் தகராறு செய்தன. கணிப்பொறிக்குள் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவே இருக்கிறது. யுனிக்ஸ் பின்பற்றிய ஆஸ்கி முறையில் ஆங்கில நெடுங்கணக்கின் ‘ஐ’ என்ற எழுத்துக்கு 73, அதை அடுத்த ‘ஜே’ என்ற எழுத்துக்கு 74. ஐ.பி.எம். பின்பற்றிய எப்சிடிக் முறையிலோ ‘ஐ’ 201-ஆவது எண். ‘ஜே’ 209-ஆவது எண். நடுவில் ஏழு எண்கள் சும்மா கிடக்கின்றன. ‘ஆர்’, ‘எஸ்’ என்ற எழுத்துகளுக்கு இடையிலும் இப்படியொரு பள்ளம் உண்டு. ஒன்றைக் கூட்டினால் அடுத்த எழுத்து வரும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல், இந்தப் பள்ளத்தில் கால் இடறி விழுந்தது. பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை வேறொரு கணிப்பொறியில் திறந்து, விளங்காத குறிகளைக் கண்டு திகைத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் திகைப்புக்கு மூத்த உறவு இது.

இன்னொரு சிக்கல் வெகு நுட்பமானது. கோப்பு முடிந்துவிட்டது என்பதைத் தெரிவிக்க யுனிக்ஸ் நிரல்கள் கழித்தல் ஒன்று என்ற எண்ணைப் பயன்படுத்தின. பி.டி.பி. 11 எந்திரத்தில் ஓர் எழுத்துக்கான சிறு இடத்தில் அந்த எண்ணை வைத்தாலும் கழித்தல் குறி மறையாது. வேறு சில எந்திரங்களில் அதே இடத்தில் வைத்தால் அது 255 என்ற கூட்டல் எண்ணாக உருமாறிவிடும். விளைவு யாதெனில், கோப்பு முடிந்த பின்னும் அது முடிந்ததென்று நிரலுக்குத் தெரியாது. இல்லாத எழுத்தைத் தேடி இரவெல்லாம் படித்துக்கொண்டே இருக்கும். நிரலில் ஒரு பிழையுமில்லை என்று எழுதியவர் சத்தியம் செய்யலாம். அவருடைய வீட்டில் அது உண்மையும்கூட.

இவ்வாறான தொல்லைகளுக்கு மருந்தாக, மைக் லெஸ்க் என்பவர் எந்த வீட்டிலும் ஒரே விதமாக அழைக்கக்கூடிய உள்ளீடு வெளியீட்டு நடைமுறைகளின் தொகுதி ஒன்றை எழுதினார். அதுவே பின்னர் திருத்தப்பெற்று, இன்று சி மொழி பயில்வோர் முதற்பாடத்திலேயே சந்திக்கும் நிலையான உள்ளீடு வெளியீட்டு நூலகமாயிற்று. மாணவர் பலர் அதை மொழியின் அங்கமென்றே எண்ணிக் கற்கின்றனர். அது வீடு மாறும் நிரல்களின் துன்பம் தீர்க்கப் பிறந்த பிள்ளை என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

இதே துன்பத்துக்கு வேறொரு வழி கண்டவர்களும் உண்டு. பிரையன் கெர்னிகன், பி. ஜே. பிளாகர் ஆகிய இருவரும் 1976-இல் ‘சாஃப்ட்வேர் டூல்ஸ்’ என்ற நூலை வெளியிட்டனர். யுனிக்ஸின் சிறுசிறு கருவிகளை எந்த எந்திரத்திலும் இயங்கக்கூடியவாறு எழுதிக் காட்டும் நூல் அது. அவர்கள் சி மொழியைக்கூட நம்பவில்லை; அந்நாளில் ஏறத்தாழ எல்லாப் பெரிய எந்திரங்களிலும் கிடைத்த ஃபோர்ட்ரான் மொழியையே அடித்தளமாகக் கொண்டு, அதன் கரடுமுரடை மறைக்க ராட்ஃபோர் என்ற மேற்பூச்சு மொழியில் எழுதினர். எழுத்துகளை நிரலுக்குள் எப்போதும் ஒரே எண்முறையில் வைத்துக்கொள்வது, வாசலில் மட்டும் அந்தந்த வீட்டின் முறைக்கு மொழிபெயர்ப்பது என்பது அவர்கள் கையாண்ட தந்திரம். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் டெபோரா ஷெரர், டென்னிஸ் ஹால், ஜோசப் ஸ்வென்டெக் ஆகியோர் இதை மேலும் வளர்த்தனர். புதிய வீட்டின் சுவருக்கு உள்ளே பலகையடித்து அதைப் பழைய வீடுபோல் தோன்றச் செய்யும் வேலை அது. அடியில் எந்த இயங்குதளம் இருந்தாலும் மேலே அமர்ந்திருப்பவருக்கு ஒரே கட்டளைகள், ஒரே கருவிகள். 1980 செப்டம்பரில் இதைப் பற்றி அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்கு ‘ஒரு மெய்நிகர் இயங்குதளம்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டனர். பலகையடிப்பு எத்தனை நேர்த்தியாயினும் பின்னால் பழைய சுவர் இருக்கத்தானே செய்யும்? இரண்டு நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்ட இயலாத வீட்டில் குழாய் அமைப்பது எங்ஙனம்? முதல் நிரல் முழுவதும் ஓடி முடித்து, அதன் வெளியீட்டைத் தற்காலிகக் கோப்பில் ஊற்றி வைக்க, இரண்டாவது நிரல் வந்து அதிலிருந்து மொண்டு குடிக்கும். குழாய் என்ற பெயர் நிலைத்தது; ஓட்டம்தான் இல்லை. எனினும் இவர்கள் தொண்டை நாம் சிறிதாக மதிக்கவில்லை. தம் எந்திரத்தை மாற்றும் அதிகாரமோ பணமோ இல்லாத எத்தனையோ பேருக்கு அது பேருதவியாயிற்று.

இனி வீட்டைப் பெயர்த்தவர்களிடம் வருவோம்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்குத் தெற்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவில் வுலங்காங் என்ற கடற்கரை நகரம் இருக்கிறது. எஃகு ஆலைக்கும் நிலக்கரிக்கும் பேர்பெற்ற ஊர். அங்கிருந்த கல்லூரி 1975-ஆம் ஆண்டுதான் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஜூரிஸ் ரைன்ஃபெல்ட்ஸ் என்ற பேராசிரியரின் தலைமையில் கணிப்பொறிக் கல்வி அங்கே வேர்விடத் தொடங்கிய காலம். அவர்களிடம் இருந்தது இன்டர்டேட்டா 7/32 என்ற எந்திரம். யுனிக்ஸின் புகழ் 1974-இல் வெளியான தாம்ப்சன், ரிட்சி இருவரின் கட்டுரையால் ஆஸ்திரேலியாவையும் எட்டியிருந்தது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் அதைப் பாடமாகவே நடத்தி, மூல நிரலுக்கு வரிக்கு வரி உரையும் எழுதினார். ஆனால் யுனிக்ஸ் பி.டி.பி. 11 எந்திரத்தின் சொத்து. இன்டர்டேட்டாவில் அது ஓடாது. பிறிதொரு நிறுவனத்தின் எந்திரத்தில் அது எங்கும் ஓடியதில்லை.

ரிச்சர்ட் மில்லர் என்ற இளைஞர் இந்த வேலையை மேற்கொண்டார். அவர் வழியைச் சற்று விரித்துச் சொல்வது தகும்.

முதலில் வேண்டியது கம்பைலர். சி மொழியில் எழுதியதை இன்டர்டேட்டாவின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் வேண்டும். அந்தக் கம்பைலரோ தானும் சி மொழியில் எழுதப்பட்டது. வுலங்காங்கில் அதை ஓட்ட ஓர் எந்திரமில்லை. கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற பழைய வழக்குதான். ஆதலால் பி.டி.பி. 11 இருந்த சிட்னியில் வேலை தொடங்கிற்று. அங்கே ஓடும் கம்பைலரை இன்டர்டேட்டா மொழியில் பேசப் பழக்கி, பிறகு அதனிடம் அதன் மூலத்தையே கொடுத்துப் பெயர்க்கச் செய்தால், இன்டர்டேட்டாவில் ஓடக்கூடிய கம்பைலர் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு தெற்கே வர வேண்டும்.

அடுத்து நேர்ந்த கேள்வியில்தான் மில்லரின் கூரிய அறிவு புலனாகிறது. வெற்று எந்திரத்தின்மீது ஓர் இயங்குதளத்தை முதன்முதலாக ஏற்றுவது இருட்டறையில் ஊசி தேடுவதற்கு ஒப்பாகும். ஏதேனும் தவறினால் எந்திரம் மௌனமாக நின்றுவிடும்; ஏன் நின்றது என்று சொல்லவும் ஆளிருக்காது. இன்டர்டேட்டாவுக்கு அந்நிறுவனமே தந்த ஓ.எஸ்./32 என்ற இயங்குதளம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. மில்லர் அதை விரட்டிவிட்டுக் குடியேறவில்லை. அதையே சாரமாகக் கட்டிக்கொண்டார். கட்டட வேலையில் மூங்கிற்சாரம் எதற்கு? சுவர் எழும்பும்வரை நிற்பதற்கு. முதலில் சி மொழி நிரல்கள் ஓ.எஸ்./32-இன் கீழ் வாடகைக் குடிகளாக ஓடின. அவை யுனிக்ஸிடம் கேட்பதாக எண்ணிக் கேட்டவற்றை ஓர் இடைப்பகுதி வாங்கி ஓ.எஸ்./32-க்குப் புரியும்படி மாற்றிச் சொன்னது. பிறகு யுனிக்ஸின் உட்கருவான கெர்னல் பகுதியே அந்தச் சாரத்தின்மீது ஏறியது. வட்டு, முனையம் முதலிய சாதனங்களோடு உறவாடும் வேலையைத் தொடக்கத்தில் பழைய இயங்குதளம் பார்த்துக்கொள்ள, யுனிக்ஸ் ஒவ்வொரு பொறுப்பாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. கடைசிக் கயிறும் அவிழ்ந்து சாரம் பிரிக்கப்பட்டபோது, யுனிக்ஸ் தன் சொந்தக் காலில் நின்றது. 1976-இல் தொடங்கிய முயற்சி 1977-லேயே கைகூடிவிட்டது. பெரும்படை எதுவும் அவருக்குத் துணை நின்றதில்லை.

அதே 1977-இல், ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துச் செய்யாமல் தனியே, முர்ரே ஹில்லிலும் இந்த வேலை நடந்தது. அங்கே அவர்கள் தேர்ந்தெடுத்ததும் இன்டர்டேட்டாதான். சற்றுப் பெரிய 8/32 என்னும் உருப்படி. இன்டர்டேட்டா நிறுவனம் நியூ ஜெர்சியைச் சேர்ந்தது. யுனிக்ஸும் நியூ ஜெர்சியில் பிறந்தது. அண்டை வீட்டாரான இவ்விருவரும் முதலில் சந்தித்துக்கொண்டது உலகின் மறுகோடியில் ஓர் எஃகு நகரத்தில் என்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது.

முர்ரே ஹில்லில் ஸ்டீவ் ஜான்சனும் ரிட்சியும் தாம்ப்சனும் ஈடுபட்டனர். அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியது பழைய அனுபவமே. சி மொழி நிரல்களை அயல் இயங்குதளங்களுக்கு அனுப்பிப் பார்த்ததில், எந்திரம் மாறுவதால் வரும் தொல்லையைவிட இயங்குதளம் மாறுவதால் வரும் தொல்லையே பெரிது என்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று. அப்படியானால் ஒவ்வொரு நிரலுக்கும் புதிய வீட்டின் மரியாதைகளைக் கற்றுத்தந்து மாளாது. இயங்குதளத்தையே புதிய எந்திரத்தில் நிறுவிவிட்டால் நிரல்கள் தாம் இடம் மாறியதைக்கூட உணரமாட்டா. முதற்பார்வைக்கு இது அறிவற்ற வாதம்போல் தோன்றும். ஒரு நாற்காலியை நகர்த்தச் சிரமமாயிருக்கிறது என்பதற்காக வீட்டை நகர்த்துவார் உண்டா? கணக்குப் போட்டுப் பார்த்தால் வாதம் செல்லும். தாம்ப்சனே 1978-இல் எழுதியபடி, யுனிக்ஸின் கெர்னல் சி மொழியில் ஏறத்தாழ 10,000 வரி, எந்திர மொழியில் ஏறத்தாழ 1,000 வரி, அவ்வளவே. எந்திரத்தோடு பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தது அந்த ஆயிரம் வரியும் சாதனங்களைத் தொடும் சில பகுதிகளும்தான். மேலே குடியிருந்த நிரல்களோ பெருங்கூட்டம்.

வீட்டைப் பெயர்க்கும்போதுதான் சுவருக்குள் எங்கெங்கே செங்கல் சரியாக வைக்கப்படவில்லை என்பது தெரியவரும். பி.டி.பி. 11 பதினாறு பிட் எந்திரம். 8/32 முப்பத்திரண்டு பிட் எந்திரம். முகவரியும் முழு எண்ணும் ஒன்றே என்று கருதி இரண்டையும் கலந்து எழுதியிருந்தவர்களின் சோம்பல் வெளிப்பட்டது. எனவே மொழியையே செப்பனிட நேர்ந்தது. இன்ன பொருள் இன்ன வகை என்று கறாராகச் சொல்வதற்கும், ஒரு வகையை வேறு வகையாக மாற்றுவதை வெளிப்படையாக எழுதுவதற்கும் சி மொழியில் புதிய வசதிகள் இக்காலத்தில் இடம்பெற்றன. ஜான்சன் எந்த எந்திரத்துக்கும் திருப்பத்தக்க கம்பைலர் ஒன்றை எழுதினார். கம்பைலர் கண்டும் காணாமல் விட்டுவிடும் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்ட ‘லின்ட்’ என்ற நிரலையும் ஆக்கினார். துணியில் ஒட்டிய பஞ்சுத் துணுக்கு என்பது அச்சொல்லின் பொருள். நிரலில் ஒட்டிக்கொண்டிருந்த துணுக்குகளை அது பொறுக்கி எடுத்தது.

பைட் வரிசையின் கதையைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவடையாது. அரபுத்தமிழ் ஏடுகளைக் கண்டு பழகிய நம் வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. அரபு எழுத்தில் சொற்கள் வலமிருந்து இடமாகச் செல்கின்றன. அதே வரியில் வரும் எண்ணில் மட்டும், தமிழில் போலவே, பெரிய இலக்கம் இடப்புறத்திலும் சிறிய இலக்கம் வலப்புறத்திலும் நிற்கின்றன. ஆதலால் வலமிருந்து பார்த்து வருகிறவருக்குச் சிறிய இலக்கமே முதலில் எதிர்ப்படும். இடமிருந்து எழுதும் நமக்குப் பெரியது முதலில். எண் ஒன்றுதான், எதிர்ப்படும் வரிசை வேறு. பி.டி.பி. 11 எந்திரம் ஓர் எண்ணின் சிறிய பாதியை முதலில் வைக்கும். இன்டர்டேட்டா பெரிய பாதியை முதலில் வைக்கும். ஒன்றில் எழுதிய நாடாவை மற்றொன்றில் அப்படியே படித்தால் எழுத்துகள் ஒழுங்காக வரும், எண்கள் தலைகீழாகும். எண்களைச் சரிசெய்ய இரண்டிரண்டு பைட்டுகளாக இடம் மாற்றினால் எண்கள் ஒழுங்காகும், எழுத்துகள் புரண்டுவிடும். நான்கு ஆங்கில எழுத்துகளால் ஆன ‘யுனிக்ஸ்’ என்ற பெயரை அவ்வாறு இரண்டிரண்டாகப் புரட்டினால் ‘நுக்ஸி’ என்று வரும். புதிய எந்திரம் விழித்தெழுந்து தன் பெயரை நுக்ஸி என்று அறிவித்ததாக ஒரு வேடிக்கைக் கதை இத்துறையினரிடையே உலவுகிறது. இந்த வகைச் சிக்கலுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. எது எழுத்து, எது எண் என்று கோப்பை எழுதியவருக்கு மட்டுமே தெரியும் என்பதால், இதற்குப் பொதுவான மருந்து இல்லை. ஒவ்வொரு கோப்பாகப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

1978 ஜூலையில் இரண்டு கட்டுரைகள் அச்சேறின. பெல் ஆய்வுக்கூடத்தின் இதழில் ஜான்சனும் ரிட்சியும் தம் அனுபவத்தை விரிவாக எழுதினர். இயங்குதள ஆய்வாளர்களுக்கான வேறொரு சிறு இதழில் மில்லரின் கட்டுரை வந்தது. ‘யுனிக்ஸ்: பெயர்க்கத்தக்க இயங்குதளமா?’ என்று பொருள்படும் அதன் தலைப்பில் ஒரு கேள்விக்குறி இருந்தது. முதலில் செய்து முடித்தவர் கேள்விக்குறி போட்டு எழுதினார் என்பதை நாம் கவனிக்கிறோம். முர்ரே ஹில்லாரின் கட்டுரை பாடநூல்களில் நிலைபெற்றது. வுலங்காங்கின் பெயர் நெடுநாள்வரை அடிக்குறிப்புகளிலேயே வாழ்ந்தது. ஜான்சனும் ரிட்சியும் தம் கட்டுரையில் வுலங்காங் முயற்சியை மறைக்காமல் குறிப்பிட்டிருக்கின்றனர். குறை அவர்கள்மீது இல்லை. பெரிய ஆய்வுக்கூடத்தின் பக்கம் திரும்பியே பழகிவிட்ட கண்களின்மீதுதான் குறை. மில்லரின் சாரம் கட்டும் உத்தியை, நம் கருத்தில், முர்ரே ஹில்லாரின் கொள்கை விளக்கத்துக்கு ஒரு படியேனும் குறைவாக மதிக்க இயலாது. அவர்கள் மொழியைத் திருத்தும் உரிமை படைத்திருந்தனர். இவருக்கோ கையில் கிடைத்ததைக் கொண்டு முடிக்க வேண்டியிருந்தது.

பின்னர் யுனிக்ஸ் எண்ணற்ற எந்திரங்களில் குடியேறியது. குடியேறிய இடமெல்லாம் அந்தந்த நிறுவனத்தார் ஓர் அறையைக் கூட்டியும் ஒரு வாசலை அடைத்தும் கட்டிக்கொண்டனர். பழைய தொல்லை வேறு வேடத்தில் திரும்பியது. யுனிக்ஸிலிருந்து யுனிக்ஸுக்கு மாறுவதே ஒரு வீடு மாற்றமாயிற்று. 1988-இல் போசிக்ஸ் என்ற பொதுத்தரம் வகுக்கப்பட்டது இதனால்தான். தரம் வந்ததும் அதற்குப் பெயரளவில் பணிந்தவர்களும் வந்தனர். 1993-இல் வெளியான விண்டோஸ் என்.டி. இயங்குதளம் போசிக்ஸுக்கென ஒரு சிற்றறையை ஒதுக்கியிருந்தது. அமெரிக்க அரசின் கொள்முதல் விதிக்கு அது போதுமானதாயிருந்தது, குடித்தனம் நடத்தத்தான் போதவில்லை.

யுனிக்ஸ் மரபில் எழுந்த நிரலை விண்டோஸுக்குக் கொண்டுவர முனைந்தவர்கள் பட்ட பாடு 1970-களின் பாட்டுக்குச் சற்றும் இளைத்ததன்று. வரி முடிவைக் காட்ட அங்கே ஒரு குறி, இங்கே இரண்டு. கோப்பின் பாதையைப் பிரிக்கும் கோடு அங்கே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இங்கே மறுபக்கம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வெவ்வேறு பெயர். இங்கே இரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படும். ஆகவே அங்கே இரண்டாயிருந்த கோப்புகள் இங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒருவர் திறந்து படித்துக்கொண்டிருக்கும் கோப்பை அங்கே மற்றொருவர் நீக்கலாம். இங்கே பெரும்பாலும் நீக்க விடாது. யுனிக்ஸில் ஒரு நிரல் தன்னைப்போலவே இன்னொன்றைப் பெற்றெடுக்கும் வழக்கத்தை முன்பு கூறினோம். விண்டோஸ் நிரல்களுக்கு அந்த வழக்கம் இல்லை. 1995-இல் தொடங்கிய சிக்வின் என்ற முயற்சி, பெர்க்லியாரைப் போலவே சுவருக்குப் பலகையடித்து, அந்தப் பிரசவத்தையும் நடத்திக் காட்டியது. தாயின் நினைவகத்தைக் குழந்தைக்குக் கையாலேயே படியெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் பேறுகாலம் நீண்டது.

2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இந்த வேலையில் இறங்கியது. யுனிக்ஸ் மரபின் இந்நாளைய வாரிசான லினக்ஸின் நிரல்கள் விண்டோஸில் மாற்றமின்றி ஓடுவதற்காக ஒரு துணை அமைப்பை அது வெளியிட்டது. லினக்ஸிடம் நிரல் கேட்பதை விண்டோஸுக்குப் புரியும்படி மொழிபெயர்த்துச் சொல்லும் இடைப்பகுதி அது. மில்லர் நாற்பதாண்டுகளுக்கு முன் தற்காலிகமாகக் கட்டிய சாரத்தைப் போன்ற ஒன்றை, இவர்கள் நிரந்தர வீடாகக் கட்டினர். அரிய உழைப்புதான். ஆயினும் சில கோரிக்கைகளுக்கு மொழிபெயர்ப்பு கிட்டவில்லை. சிறு கோப்புகளை ஏராளமாகத் தொடும் வேலைகளில் அது மந்தமாயிற்று. 2019-இல் அவர்கள் இரண்டாம் பதிப்பை அறிவித்தனர். மொழிபெயர்ப்பு கைவிடப்பட்டது. மெய்யான லினக்ஸ் கெர்னலே ஒரு மெல்லிய மெய்நிகர் எந்திரத்துக்குள் வைத்து விண்டோஸோடு சேர்த்து வழங்கப்பட்டது. முர்ரே ஹில்லாரும் வுலங்காங் இளைஞரும் 1977-இல் எடுத்த முடிவுக்கே, அவர்களுக்கு எதிர் அணியில் வளர்ந்த நிறுவனமும் வந்து சேர்ந்தது.

அதற்குப் பின்னும் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. லினக்ஸ் பக்கத்திலிருந்து லினக்ஸ் வட்டில் உள்ள கோப்பைத் தொட்டால் வேலை விரைவாக நடக்கிறது. அதே நிரல் விண்டோஸ் பக்கத்தில் கிடக்கும் கோப்பைத் தொட்டால் தாமதிக்கிறது. உங்கள் கோப்புகளை எந்த வீட்டுக் கருவியால் கையாளப் போகிறீர்களோ அந்த வீட்டிலேயே வையுங்கள் என்று அந்நிறுவனத்தின் வழிகாட்டிக் குறிப்பு பயனருக்குச் சொல்லி வைத்திருக்கிறது.